ஒன்பதாம் துளையின் விளக்கு

வெள்ளிக்கிழமை நடுப்பகலில், யார்டு அமைதியாகிற அந்த இரண்டு மணி நேரத்தில், பின்வரிசைக் கொள்கலன்களிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டால் யாரும் பதிலுக்குத் தட்டுவதில்லை. இந்த விதியை எந்தப் பலகையிலும் எழுதி வைத்திருக்கவில்லை; புதிதாக வேலைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஆனாலும் போர்ட் கிள்ளானின் அந்தக் கிடங்கில் வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு மலாய்த் தொழிலாளர்கள் தொழுகைக்குக் கிளம்புவார்கள். பளுதூக்கிகள் ஒவ்வொன்றாக இருமி அடங்கும். லோரிகள் வெளியே சாலையோரமாய் வரிசை பிடித்து நிற்கும். பாமாயில் தொட்டிகளின் கனத்த மணமும் அலையாத்திக் காட்டின் உப்புச் சேற்று வாடையும் வெயிலில் அசையாமல் தொங்கும். அப்போது கேட் அலுவலகத்தில் விசாலம் கை நீட்டி வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

தனலெட்சுமி அந்த விதியைத் தன் மணிக்கட்டால் கற்றுக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு டப்பாவைப் பின்புறக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தபோது அது கேட்டது. டக், டக், டக். ஓர் இடைவெளி. மறுபடி டக், டக், டக். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, கையிலிருந்த கரண்டியைப் பக்கத்துக் கொள்கலனின் சுவரை நோக்கி ஓங்கினாள். பின்னாலிருந்து வந்த ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது.

"இரும்பு," என்றாள் விசாலம். நாற்பத்தைந்து வயதிலும் இரண்டு மாடி ஏறினால்கூட மூச்சு வாங்காத அந்தப் பெண்மணிக்கு அப்போது மூச்சு வாங்கியது. "வெயில்ல விரியுது. அவ்ளோதான்."

"வெயில் மூணு மூணா எண்ணுமா அக்கா?"

"எண்ணும். இங்க எண்ணும். வந்து சாப்பாட்டுக்கு மேல ஒரு தே தாரேக் குடி, வா."

தேநீர் குடிக்கும்போது ஜன்னல் வழியாக, கேட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்றிருந்த ஒரு பெண்ணைத் தனலெட்சுமி பார்த்தாள். ஒல்லியான உடம்பு, வெளுத்த கைலி, ரப்பர் செருப்பு. யாரையும் கூப்பிடாமல், எதையும் கேட்காமல், யார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் நல்லம்மாள் என்றும், புருஷன் இங்கே வேலை செய்துகொண்டிருந்து ஓடிப்போய்விட்டான் என்றும், வெள்ளிக்கிழமை தவறாமல் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வருவாள் என்றும் விசாலம் சொன்னாள். சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அது 1999. ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த பிறகு மென்பொருள் உரிமக் கட்டணம் கட்ட மனமில்லாத நிர்வாகம், இருபத்திரண்டு பழைய கணினிகளிலும் இலவசமாகக் கிடைத்த லினக்ஸை ஏற்றியிருந்தது. அவற்றைக் கட்டி மேய்க்கத்தான் செந்தூலிலிருந்து விடியற்காலைக் கொமுட்டர் புறநகர் ரயிலில் வந்து இறங்குகிற இந்த இருபத்தாறு வயதுப் பெண்ணை எடுத்திருந்தார்கள். ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்த அப்பாவுக்கும் அவளுக்கும் சேர்த்து அந்த வீட்டில் இருந்த ஒரே சம்பளம் அது.

இரண்டாவது திங்கட்கிழமை மேலாளர் ராதாகிருஷ்ணன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். தலையில் ஒரு முடி கலையாத மனிதர். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாமல், பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார்.

"கேட் மெஷின்ல ஒரு பழைய பேரு தொங்கிக்கிட்டு இருக்கு. பாத்தியா?"

"பாத்தேன் பாஸ். ரெங்கசாமின்னு."

பேனாவின் மூடி கழன்றது. "சனிக்கிழம பாதுகாப்பு இலாகாவிலேர்ந்து ரெண்டு பேரு வர்றாங்க. சும்மா ரொட்டீன் செக்தான். ஃப்ரைடேக்குள்ள அத கிளியர் பண்ணிடு லா. எந்த மெஷின்லயும் இருக்கக் கூடாது."

"யார் பாஸ் அவரு?"

"வேலய விட்டுப் போனவன். போன வருஷம்." மூடி திரும்பவும் மாட்டிக்கொண்டது. "உன் ப்ரொபேஷன் இந்த மாசத்தோட முடியுதில்ல? கன்ஃபர்மேஷன் லெட்டர் அடிச்சாச்சு. டிராயர்லதான் இருக்கு."

வேலை எளிதானதுதான். கணினிக்கு ஆளைத் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். ஒவ்வொரு கோப்பின் மேலும் ஓர் எண் இருக்கும், அது யாருடைய எண் என்பதைச் சர்வரில் உள்ள பெயர்ப்பட்டியலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தால் தாமதமாகும் என்பதால், கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் தன் இடைநினைவிலேயே வைத்துக்கொள்ளும். பத்து நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். பிறகு மறந்துவிட்டு மறுபடி கேட்கும். சர்வரின் பட்டியலில் ரெங்கசாமி என்ற பெயர் இல்லை. பதினான்கு மாதங்களுக்கு முன்பே அழிக்கப்பட்டிருந்தது. ஆகவே கேட் கணினியில் 541 என்ற வெற்று எண்தான் தெரிய வேண்டும். ஆனால் ஆய்வு அறிக்கைகளின் பழைய வரிசையில், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அந்தப் பெயர் நின்றது. பதினான்கு மாதம் ஒன்றை மறக்காமல் வைத்திருக்கும் இடைநினைவை அவள் படித்த எந்தக் கையேடும் அறியாது.

இடைநினைவைத் துடைத்தாள். 541. பெயர் போய்விட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டடி நடந்தவள், எதற்கோ திரும்பிப் பார்த்தாள். ரெங்கசாமி.

மறுபடி துடைத்தாள். கணினியை அணைத்து ஏற்றினாள். இடைநினைவின் கோப்புகளையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினாள். ஒவ்வொரு முறையும் அந்த எண் சில நொடிகள் பெயரற்று நிற்கும். பிறகு யாரோ காதில் சொல்லிக்கொடுத்ததுபோல் கணினிக்கு ஞாபகம் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் மற்ற இருபத்தோரு கணினிகளிலும் பார்த்துவிட்டாள். எல்லாவற்றிலும் அவர் இருந்தார்.

"செந்தூல் பொண்ணு, கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுன்னாங்க," என்று வாசலில் நின்று சிரித்தார் பளுதூக்கி ஓட்டுநர் தம்புசாமி. வெற்றிலை போட்ட வாய், எந்நேரமும் கழுத்தில் ஒரு ஈரத் துண்டு. "ஒரு பேர அழிக்க ரெண்டு நாளா? என்கிட்ட குடு, மெஷினையே தூக்கிக் கடல்ல போட்டுட்டு வர்றேன்."

"எந்தப் பேருன்னு கேக்கலயே அண்ணே?"

சிரிப்பு நின்றது. துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே பார்த்தார். அங்கே, திரும்பி வந்த காலிக் கொள்கலன் ஒன்றுக்கு ஒளிச்சோதனை நடந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் உள்ளே போனான். இன்னொருவன் வெளியிலிருந்து கதவுகளைச் சாத்தினான். இருட்டில் நின்று சுற்றிலும் பார்த்தால், ஊசி நுழையுமளவு துளை இருந்தாலும் பகல் வெளிச்சம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பார்த்து முடித்தவன் உள்ளிருந்து மூன்று முறை தட்டினான். வெளியே நின்றவன் மூன்று முறை பதில் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தான்.

"அதுக்கு உள்பக்கம் கைப்பிடி கெடையாது தங்கச்சி," என்றார் தம்புசாமி. "அதனால யார்டுல ஒரு பழக்கம். பதில் தட்டுனவன் தொறந்தே ஆகணும். பாதியில விட்டுட்டுப் போகக் கூடாது. தொறக்கிற எண்ணம் இல்லன்னா தட்டவே கூடாது." அவர் போய்விட்டார். ஈரத் துண்டின் வாடை மட்டும் கொஞ்ச நேரம் அறையில் இருந்தது.

சர்வர் இருந்ததும் ஒரு பழைய இருபதடிக் கொள்கலனுக்குள்தான். சுவரில் குளிர்சாதனம் பொருத்தி, தரையில் ரப்பர் விரித்து, அறை என்று பெயர் வைத்திருந்தார்கள். குளிர்ந்த துரு வாடை. மின்விசிறிகளின் ஓயாத மூச்சு. சுவரின் மேல்விளிம்பில் இரண்டு மூன்று துருத் துளைகள். அவற்றின் வழியே நூல் நூலாகப் பகல் இறங்கும். கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க அடியில் ஒரு மரக்கட்டை. இருபத்திரண்டு கணினிகளின் கேபிள்களும் வந்து சேரும் ஹப், மூலையில் ஒரு தட்டின் மேல் இருந்தது: இருபத்து நான்கு துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய சீட்டில் ஓர் இடத்தின் பெயர். கேட், கணக்கு, மேலாளர், எடைமேடை. ஒன்பதாம் துளையின் மேல் சீட்டு இல்லை. கிழித்த தடம் மட்டும் இருந்தது. அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் மழை வந்தது. மேற்கே ஜலசந்தியிலிருந்து கறுத்துத் திரண்டு, மூன்று மணிக்கே விளக்குப் போட வைத்த மழை. இடி இறங்கும்போது உயரத்தில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பதால் யார்டு முழுதும் நின்றுபோனது. தனலெட்சுமி சர்வரின் முன் குந்தியிருந்தாள். ஒரு காற்று வந்தது. மரக்கட்டை தரையில் இழுபடும் ஓசை. பிறகு கதவு தன் முழுக் கனத்தோடு வந்து பொருந்திய ஓசை; அது காதில் கேட்டதைவிடப் பற்களில் அதிகம் கேட்டது.

மின்சாரம் போனது. பேட்டரி பிடித்துக்கொண்டதால் சர்வர் முனகியபடி ஓடியது. ஹப்பின் பச்சைப் புள்ளிகள் இருட்டில் மிதந்தன. அவள் கதவைத் தள்ளினாள். தோளால் இடித்தாள். மழை கூரை மேல் சரளையாகக் கொட்டியதில் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் அந்தப் பழக்கம் நினைவுக்கு வந்தது. கையை மடக்கி, இரும்புச் சுவரில் மூன்று முறை தட்டினாள்.

பதில் வந்தது.

டக், டக், டக்.

கதவுப் பக்கமிருந்து அல்ல. பின்னாலிருந்து, கேபிள்கள் வெளியேறும் மூலையிலிருந்து, தரையோடு தரையாக. அவள் மெல்லத் திரும்பினாள். ஹப்பில் மற்ற விளக்குகள் எதுவும் சிமிட்டவில்லை. கணினிகள் அணைந்துபோனதால் ஒவ்வொன்றாக அவையும் அணைந்துகொண்டிருந்தன. கடைசியில் சர்வரின் விளக்கும் ஒன்பதாம் துளையின் விளக்கும் மட்டும் மிஞ்சின. ஒன்பதாவது விளக்கு மூன்று முறை சிமிட்டியது. ஓர் இடைவெளி. மூன்று முறை சிமிட்டியது.

யாரோ பதில் தட்டிவிட்டார்கள். பதில் தட்டியவர் வந்து திறக்க வேண்டும். அவள் காத்திருந்தாள். அவரால் திறக்க முடியவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

இருபது நிமிடம் கழித்து, மழை தணிந்த பிறகு, விசாலம் தேடிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"நீங்கதான் தட்டுனீங்களா அக்கா?"

"எப்ப? நான் இப்பதான வர்றேன்."

தனலெட்சுமி நகரவில்லை. "அப்ப யாரு? எனக்கு யாரு பதில் தட்டினா? சொல்லாம நான் இங்கேர்ந்து எந்திரிக்கப் போறதில்ல."

விசாலம் கதவைப் பார்த்தாள். மரக்கட்டையைக் காலால் தள்ளிப் பொருத்தினாள், பொருந்தியதா என்று குனிந்து பார்த்தாள், மறுபடி தள்ளினாள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததுபோன்ற தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அன்னைக்கும் வெள்ளிக்கிழமதான். ரெங்கசாமி அண்ணன்தான் லைட் டெஸ்ட்டு பாப்பாரு. எல்லாரும் தொழுகைக்குப் போயிட்டாங்க, கதவப் புடிக்க ரெண்டாவது ஆளு இல்லாம உள்ள போக மாட்டேன்னு பாஸ்கிட்ட சண்ட போட்டாரு. பாஸ் கோவத்துல மேல போய் அவரு பேர சர்வர்லேர்ந்து எடுத்துட்டாரு. வேலயில இல்லன்னு சாயந்தரமா சொல்லிக்கலாம்னு. அது அண்ணனுக்குத் தெரியாது. கப்பல்காரன் அவசரப்படுறானேன்னு, மனசு கேக்காம, ரிப்போர்ட் அடிக்கிற டெர்மினல கேபிளோட வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுத் தனியாவே உள்ள போயிட்டாரு. தம்புசாமி என்கிட்ட கேட்டாரு, ஆய்வுப் பக்கம் யாரும் இருக்காங்களான்னு. நான் ஸ்கிரீனப் பாத்தேன். ஆளு இல்லன்னு காட்டிச்சு. இல்லன்னேன். கதவு பாதி தொறந்து கெடந்ததுன்னு தம்புசாமி சாத்திட்டாரு. சீல் வச்சாச்சு. மேல ரெண்டு பெட்டி ஏத்தியாச்சு."

"அப்புறம்?"

"மறுநா சத்தம் கேட்டுச்சு. இரும்பு விரியுதுன்னாரு பாஸ். நாங்களும் விரியுதுன்னு நெனச்சுக்கிட்டோம்." விசாலத்தின் விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டின. "திங்கக்கிழம வரைக்கும் விரிஞ்சுச்சு தனம். அப்புறம் நின்னுபோச்சு. அடுத்த வெள்ளிக்கிழம மறுபடியும். அந்தப் பெட்டிய பாஸ் கப்பலுக்கும் அனுப்பல."

"ஏன் தொறக்கல?"

"தொறந்தா... மூடினது நாங்கதான?"

அந்த இரவு செந்தூல் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் தனலெட்சுமி தூங்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. தூங்கினாள், ஆனால் ஒவ்வொரு முறை கண்ணயர்ந்தபோதும், தான் தட்டியதற்கு யாரோ ஒருவர் உடனே, தயங்காமல், பழக்கம் தவறாமல் பதில் தட்டியதை மறுபடி கேட்டாள். பதினான்கு மாதமாக ஒருவர்கூடத் திருப்பித் தராத ஒன்றை அவர் அவளுக்குக் கொடுத்திருந்தார். விடிந்தபோது அவளுக்கு நடுக்கம் போகவில்லை. ஆனால் அந்த நடுக்கத்துக்குள் வேறு ஏதோ ஒன்று கெட்டிப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு அவள் காரணத்தைக் கண்டுபிடித்தாள். கணினிகள் பெயர் கேட்கும்போது குறிப்பிட்ட சர்வரை நாடவில்லை. வலைக்குள் இருக்கும் எல்லோரையும் நோக்கிப் பொதுவாகக் கூவின, முதலில் பதில் சொல்கிறவரையே சர்வர் என்று நம்பின. அவளுக்கு முன்பிருந்தவர் அப்படித்தான் அமைத்துவிட்டுப் போயிருந்தார். சர்வர் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு கணம் முன்னதாகவே வேறொரு பதில் வந்து சேர்ந்தது, ஒன்பதாம் துளையின் வழியாக.

பன்னிரண்டு நாற்பது. யார்டு அடங்கியது. வானொலி உயர்ந்தது. அதையும் மீறி, தரையின் ரப்பருக்கு அடியில், டக், டக், டக்.

அவள் ஒன்பதாம் துளையிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள்.

சத்தம் நின்றது. திரையில் பெயர் போனது. 541. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். 541. திரும்பி வரவில்லை. கேட் கணினியில், கணக்கில், எடைமேடையில், எல்லாவற்றிலும் வெற்று எண். ராதாகிருஷ்ணன் வாசலில் வந்து நின்றார். அவருடைய வாசனைத் தைலம் துரு வாடையின் மேல் படிந்தது.

"போயிடுச்சு போல?" என்றார். புன்னகைத்தார். "கெட்டிக்காரி. அந்தக் கேபிள வெட்டிடு. லெட்டர சாயந்தரமா வந்து வாங்கிக்க."

அவர் கேட்டை நோக்கி நடந்தார். அங்கே நல்லம்மாள் இன்று முதல் தடவையாகக் குடையை மடக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மேலாளரின் பதில் தெளிவாகக் காதில் விழுந்தது.

"ரெங்கசாமியா? அப்படி ஒரு பேரே எங்க கம்ப்யூட்டர்ல இல்லம்மா. வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

இப்போது அது உண்மையாகிவிட்டிருந்தது. தனலெட்சுமியின் கையில் கேபிளின் முனை இருந்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத பிளாஸ்டிக். அது குளிர்ந்த அறையில் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்து இப்போதுதான் அவளிடம் கொடுத்ததுபோல.

அவள் அதை மறுபடி ஒன்பதாம் துளையில் செருகினாள். விளக்கு எரிந்தது.

வெளியே வந்தாள். சர்வர் அறையின் பின்மூலையிலிருந்து அந்தக் கேபிள் வேலியோரமாகப் போனது. வெயிலில் வெளுத்துப் பொரிந்திருந்தது. அவள் அதைக் கையில் பிடித்தபடியே நடந்தாள். குழாயைத் தாண்டி. எடைமேடையைத் தாண்டி. முன்பு ஆய்வுப் பகுதியாக இருந்த இடத்தில், மின்கம்பத்தை அடியோடு அறுத்தெடுத்த தடம் மட்டும் சிமெண்டில் இருந்தது. இந்தப் பக்கம் மின்சாரமே கிடையாது. கேபிள் அதையும் தாண்டிப் போனது.

"தனம்! எங்க போறே?" ராதாகிருஷ்ணனின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. வானொலி சட்டென்று அணைந்தது. விசாலம் வெளியே ஓடி வந்தாள். பளுதூக்கியின் படியிலிருந்து தம்புசாமி இறங்கினார். காவலர் இல்லாத கேட்டைத் தள்ளிக்கொண்டு நல்லம்மாள் உள்ளே வந்தாள்.

பின்வரிசை. தரையில் ஒரு பழுப்பு நிறக் கொள்கலன், மேலே இரண்டு. கதவின் அடியில், ரப்பர் விளிம்புக்கும் இரும்புக்கும் இடையில் நசுங்கி, கேபிள் உள்ளே போயிருந்தது. சீல் அப்படியே இருந்தது. அதன் மேல் துரு பூத்திருந்தது.

டக், டக், டக்.

இத்தனை அருகில் அது விரிகிற இரும்பின் ஓசையாக இல்லை. விரல்மூட்டின் ஓசையாகவும் இல்லை. விரல்மூட்டில் சதை இருக்கும்.

ஓடிவிட வேண்டும் என்று தனலெட்சுமியின் உடம்பில் இருந்த ஒவ்வொன்றும் சொன்னது.

"அது இரும்பு!" என்று கத்தினார் ராதாகிருஷ்ணன். "வெயில்ல விரியுது! கைய எடு! உனக்கு இங்க வேல கெடையாது, இந்த நிமிஷத்தோட..."

"அப்ப என் பேரயும் அழிச்சுடுங்க பாஸ்," என்றாள் அவள். குரல் நடுங்கியது. நடுங்கியபடியே உயர்ந்தது. "உங்களுக்குத்தான் பழக்கமாச்சே. ஆனா இன்னைக்கு நான் இங்க நிக்கிறத நாலு பேரு கண்ணால பாத்துக்கிட்டு இருக்காங்க."

"தட்டாத தனம்," என்று அழுதாள் விசாலம். "தட்டினா தொறக்கணும்."

"தெரியும் அக்கா. அதுக்குத்தான் தட்டப் போறேன்."

கையை மடக்கினாள்.

எல்லோரும் பார்க்க, நடுப்பகல் வெயிலில், மூடிய கதவில் மூன்று முறை தட்டினாள். யார்டின் கடைசி வரிசை வரை அது கேட்டது.

"ரெங்கசாமி அண்ணே! எனக்குக் கேட்டுச்சு. நாங்க தொறக்கிறோம்."

நல்லம்மாளின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சொல் அல்ல. தம்புசாமி பளுதூக்கியின் பெட்டியிலிருந்து சீல் வெட்டும் கத்திரியை எடுத்துவந்து நீட்டினார். தனலெட்சுமி முகத்தைத் திருப்பாமலேயே அதை வாங்கினாள்.

ஏனென்றால் உள்ளே அமைதி.

பிறகு, மிக நெருக்கத்தில், ஏதோ தரையில் இழுபட்டுக் கதவருகே வரும் ஓசை.

கதவில், அவள் கண்ணின் உயரத்தில், ஊசி நுழையுமளவு ஒரு துருத் துளை இருந்தது. மின்சாரமே இல்லாத அந்த இருட்டுக்குள்ளிருந்து, அதன் வழியே, மங்கிய பச்சை வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

துளை இருண்டது. ஒளிர்ந்தது. இருண்டது. இமைப்பதுபோல.

அவள் கத்திரியைச் சீலில் வைத்தாள். துளை மறுபடி ஒளிரவில்லை. உள்ளிருந்து, இமைக்காமல், அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.